ரப்பருக்கு இடையில் பேயெள்ளு போடலாமா?

கேள்வி: அண்ணாச்சி, எங்களுக்கு 60 சென்ட் உண்டு. பழைய ரப்பரை முறித்துவிட்டுப் போன ஆனியில் புதுக்கன்று வைத்தோம். இடையில் பயறு போட்டால் பக்கத்து மாடு விடமாட்டேங்குது. ஓசூரில் வேலை பார்க்கும் மச்சான் பேயெள்ளு போடச் சொல்கிறான். அது தின்கிற எண்ணெய்தானா? காசு வருமா?
– ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: தின்கிற எண்ணெய்தான் தம்பி. பேரில் பேய் இருக்கிறதே என்று யோசிக்காதீர்கள். உச்செள்ளு என்பதும் இதைத்தான். கர்நாடகத்தில் இதை வறுத்துச் சட்னிப்பொடி இடிக்கிறார்கள். இதன் பிறந்த ஊரான எத்தியோப்பியாவில் நெடுங்காலமாகவே இது சமையல் எண்ணெய். விதையில் 30 முதல் 40 சதவீதம் எண்ணெய். மாடும் அவ்வளவாக வாய் வைக்காது.

காசு விஷயத்தில் உங்களை ஏமாற்ற எனக்கு மனசில்லை. நம் நாட்டுச் சராசரி ஏக்கருக்கு 150 கிலோவுக்குள்தான். விதையை விற்று, ஊடுபயிராகப் போடும் வாழைக்கு ஈடுகட்ட முடியாது. ஆனாலும் போடுங்கள் என்றுதான் சொல்வேன், தேனீக்காக.

ரப்பர் தேன் பூவில் ஊறுவதல்ல. துளிர் இலைக்காம்பின் சுரப்பியில் கசிவது. அதில் ஈக்குத் தேன் உண்டு, மகரந்தம் கிடையாது. மகரந்தம் இல்லாமல் ஈயின் புழு வளராது, தேனீப் பெட்டியில் கூட்டம் பெருகாது. பேயெள்ளுப் பூவில் இரண்டும் இருக்கிறது. அதற்கும் ஈ வேண்டும், தன் மகரந்தத்தில் தானே காய் பிடிக்காத செடி அது. மார்த்தாண்டம் பக்கத்துப் பெட்டிக்காரர் ஒருவரிடம் பேசி, நாலு பெட்டி கொண்டுவந்து வைக்கச் சொல்லுங்கள்.

பருவத்தில் நான் ஒரு வருசம் தவறினேன். மரச்சீனி (மரவள்ளி) போட்ட வயலின் ஓரம் 5 சென்டில் ஆவணியில் விதைத்தேன். ஐப்பசி மழையில் பூத்தது. ஈ பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. அறுத்துப் புடைத்தால் பாதிக்கு மேல் பதர். மறு வருசம் கார்த்திகைக் கடைசியில், மழை ஓய்ந்த ஈரத்தில் விதைத்தேன். தை கடைசியில் இடுப்பளவு உயரத்தில் மஞ்சள் மஞ்சளாகப் பூ, காலை எட்டு மணிக்கெல்லாம் ஒவ்வொரு பூவிலும் ஓர் ஈ, பின்னங்காலில் மஞ்சள் உருண்டையோடு. நான் வேலையை மறந்து அங்கேயே நின்றேன். 6 கிலோ கிடைத்தது.

சென்டுக்கு 20 கிராம் விதை போதும், மணலில் கலந்து தூவுங்கள். வாங்கும் விதையைக் கட்டாயம் சலித்துப் பாருங்கள். அம்மையார் கூந்தல் என்ற ஒட்டுண்ணிக் களையின் விதை கலந்து வரும். அது முளைத்தால் மஞ்சள் நூலாகச் சுற்றிப் பயிரையே குடித்துவிடும். விதை கேட்கும்போது பையூர் 1 ரகம் என்று கேளுங்கள். பூத்தலை கறுத்ததும் அறுத்துவிட வேண்டும், ஒரு வாரம் தள்ளினால் உதிர்ந்துவிடும். கன்று நிழல் கட்டும்வரை, இரண்டு மூன்று வருசம் இப்படிப் போடலாம்.

வீட்டுக்கு எடுத்ததை வெறும் சட்டியில் இளந்தீயில் வறுங்கள். படபடவென்று பொரிந்து வாசம் வரும்போது இறக்கி, மிளகாய் வத்தல், பூண்டு, புளி, உப்பு சேர்த்து உரலில் இடியுங்கள். அவித்த மரச்சீனிக்கு, மேலே கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டு. என் பேரப்பிள்ளைகள் மீன்கறி இல்லாத நாளில் இதைத்தான் கேட்கிறார்கள்.

கேள்வி: உறவினர் கொடுத்த உச்செள்ளு எண்ணெய் இரண்டு மாதத்தில் காறல் வாடை அடிக்கிறதே?
– ஒரு வாசகி, தோவாளை

பதில்: காறினதைச் சமையலுக்கு எடுக்காதீர்கள் அம்மா. லினோலிக் அமிலம் என்ற, காற்றுப் பட்டால் எளிதில் காறும் கொழுப்பு மிகுந்த எண்ணெய், அதனால் சீக்கிரம் கெடும். விதையாகக் காயவைத்து டப்பாவில் வைத்துக்கொண்டு, ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் ஆட்டுங்கள். பாட்டிலை அடுப்புப் பக்கத்தில் வைக்க வேண்டாம்.