படக்கலை பதில்கள்: மலையூருக்கு ஓர் அகலக்கோண லென்ஸ்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களுள் நான்கு ஒரே பொருளைப் பற்றியவை. நான்கும் மலையூர்களிலிருந்து வந்தவை. ஆகையால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் கொடைக்கானல் மேல்மலையில் இருக்கும் பூம்பாறை. என்னிடம் சோனி ஏ6400 கேமராவும், அதனுடன் வந்த 16-50 மி.மீ. ஜூம் லென்ஸும் இருக்கின்றன. குழந்தை வேலப்பர் கோயில் தேர்த்திருவிழாவை இரவில் எடுத்தால் படமெல்லாம் புள்ளி புள்ளியாக வருகிறது. வீட்டுக்குள் உட்கார்ந்து பூண்டு தரம் பிரிக்கும் பெண்களையும், மொட்டைமாடியிலிருந்து நட்சத்திரங்களையும் எடுக்க ஆசை. ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும். சிக்மா 16 மி.மீ. எஃப் 1.4, சோனி 15 மி.மீ. எஃப் 1.4 ஜி, கையால் ஃபோகஸ் செய்யும் சாம்யாங் 12 மி.மீ. எஃப் 2 ஆகிய மூன்றில் எதை வாங்கலாம்?
– வாசகர், பூம்பாறை

பதில்: கடைக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் உங்கள் பழைய லென்ஸை 16 மி.மீ. அளவிலேயே வைத்துப் படமெடுங்கள். கேமராவை அணைத்து மறுபடி போட்டால் அந்த லென்ஸ் தானாகவே 16-இல் வந்து நிற்கும் என்பதால் இதற்குத் தனி முயற்சி தேவையில்லை. ஜூம் நெம்புகோலைத் தொடாமல் தேரையும் வீட்டையும் எடுத்துப் பார்க்கையில், பின்னால் நகர இடமின்றிச் சுவரில் முதுகு முட்டுகிறதா, அல்லது ஆட்கள் சிறுத்துப்போய் முன்னால் வெறுந்தரை அதிகமாகத் தெரிகிறதா என்று கவனியுங்கள். முதல் சங்கடம் அடிக்கடி நேர்ந்தால் இன்னும் அகலமாகக் காட்டும் 12 மி.மீ. உங்களுக்கு உதவும், இரண்டாவது நேர்ந்தால் 12-ஐ மறந்துவிடலாம். எஃப் எண்ணை (லென்ஸின் திறப்பைக் காட்டும் எண், அது சிறிதாக இருந்தால் திறப்பு பெரிது) பார்த்து லென்ஸ் வாங்கியவர்களைவிடக் கோணத்தைப் பார்த்து வாங்கியவர்களே அதை வீட்டில் பூட்டிவைக்காமல் பயன்படுத்துகிறார்கள் என்பது என் அனுபவம்.

இனி வெளிச்சக் கணக்குக்கு வருவோம். உங்கள் ஜூம் லென்ஸ் 16 மி.மீ. அளவில் எஃப் 3.5 வரை திறக்கும். எஃப் 1.4 லென்ஸ் அதைப்போல் ஆறேகால் மடங்கு ஒளியை உள்ளே விடும். அதாவது, தேர் இழுப்பவர்களை எடுக்க இன்று ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 6,400 தேவைப்படுகிறதென்றால், அதே ஷட்டர் வேகத்தில் ஏறத்தாழ 1,000 போதும். நீங்கள் சொல்லும் புள்ளிகள் பெருமளவு குறைவதை முதல் இரவே காண்பீர்கள்.

ஆனால் கடைக்காரர் எடுத்துச் சொல்லாத ஒரு சங்கதி இதில் உண்டு. உங்கள் கேமராவின் உடலில் நடுக்கத் தடுப்பு இல்லை. அது உங்கள் ஜூம் லென்ஸில் இருக்கிறது. நீங்கள் கேட்கும் மூன்று பிரைம் லென்ஸ்களிலும், அதாவது ஜூம் இல்லாத லென்ஸ்களிலும், இல்லை. அசையாத ஓர் அடுப்படியை ஜூம் லென்ஸில் எஃப் 3.5 வைத்து 1/8 நொடியில் கையில் பிடித்தே எடுத்துவிட முடியும். பிரைம் லென்ஸில் எஃப் 1.4 வைத்தால் அதே ஐஎஸ்ஓவில் 1/50 நொடி கிடைக்கும். கை நடுங்காமலிருக்க அந்த வேகம் எப்படியும் தேவை என்பதால், அசையாத பொருளைப் பொறுத்தவரை நீங்கள் பெற்ற ஆதாயம் பெரும்பாலும் அங்கேயே கரைந்துவிடுகிறது. பூண்டு பிரிக்கும் விரல்களும் வடம் பிடிக்கும் தோள்களும் நடுக்கத் தடுப்புக்குக் கட்டுப்பட்டு நிற்பதில்லை. அங்கேதான் எஃப் 1.4 தன் விலைக்கு உழைக்கிறது. உங்கள் கடிதத்தில் மூன்றில் இரண்டு ஆசைகள் நகரும் மனிதர்களைப் பற்றியவை என்பதால், கையால் ஃபோகஸ் செய்யும் 12 மி.மீ. லென்ஸை இங்கேயே ஒதுக்கிவிடலாம் என்று தோன்றுகிறது.

நட்சத்திரங்களுக்காக மட்டும் அதன் பக்கம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வானத்தை எடுப்பவர்களிடையே அந்த 12 மி.மீ. லென்ஸுக்கு நெடுநாளாக நல்ல பெயர் இருக்கிறது. அகலமான வானம் கிடைக்கிறது, எடையும் விலையும் குறைவு. ஆயினும் ஒரு விண்மீனிலிருந்து சேரும் ஒளியைத் தீர்மானிப்பது எஃப் எண் மட்டுமன்று, லென்ஸ் திறப்பின் விட்டம். 12-ஐ 2-ஆல் வகுத்தால் 6 மி.மீ.; 16-ஐ 1.4-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 11.4 மி.மீ. பரப்பளவில் இது மூன்றரை மடங்குக்கும் சற்று அதிகம். அகலமான லென்ஸில் விண்மீன் கோடாக இழுபடுவதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்ற சலுகையைக் கழித்தாலும், ஒவ்வொரு விண்மீனுக்கும் இரண்டரை மடங்குக்கு மேல் ஒளி 16-இல்தான் சேர்கிறது. விண்மீன் கோடாகாமல் எத்தனை நொடி எடுக்கலாம் என்பதற்கு, 500-ஐ 24-ஆல் வகுக்கும் பழைய விதி (உங்கள் சிறிய சென்சாரில் 16 மி.மீ. என்பது 24 மி.மீ. காட்டும் கோணத்துக்குச் சமம்) உங்களுக்கு 20 நொடி தரும். உங்கள் கேமராவின் 24 மெகாபிக்சலுக்கு அது அளவுக்கு மீறிய நேரம், 10 முதல் 12 நொடிக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். ஃபோகஸைத் தானியங்கியிலிருந்து கைக்கு மாற்றி, பிரகாசமான ஒரு விண்மீனைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் இடத்தில் வளையத்தை நிறுத்த வேண்டும்.

நீங்கள் இருக்குமிடமும் உங்களுக்குச் சாதகமானது. ஏறத்தாழ 10 பாகை வடக்கு அட்சரேகையில் இருப்பதால், பால்வீதியின் மையப்பகுதி தென்வானில் 50 பாகை உயரம் வரை ஏறிவரும். ஐரோப்பியர்கள் பலர் அதைத் தொடுவானத்தில் எட்டிப்பார்த்துத்தான் எடுக்கிறார்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்களின் விடியற்காலையே நமக்கு ஏற்ற பொழுது, ஏனெனில் மையப்பகுதி மாலையில் தெரியும் ஜூன், ஜூலையில் மேகம் விடாது. துருவ நட்சத்திரமோ 10 பாகை உயரத்தில்தான் நிற்கும். வடக்கே ஒரு குன்று இருந்தால் அதன் பின்னால் போய்விடும். நல்ல இருட்டைத் தேடிப் பேரிஜம் ஏரிப் பக்கம் இரவில் போகலாம் என்று எண்ண வேண்டாம். அது வனத்துறை பகலில் மட்டும் அனுமதிச் சீட்டுக் கொடுக்கும் காடு. காட்டுமாடு நடமாடும் பாதையில் கேமராத் திரையையே பார்த்துக்கொண்டு நிற்பதும் புத்திசாலித்தனமன்று. உங்கள் மொட்டைமாடி போதும்.

மீதியிருப்பவை இரண்டு. சிக்மா 405 கிராம், அதாவது உங்கள் கேமராவின் எடையளவே. சோனி 219 கிராம், துளைக்கட்டுப்பாட்டு வளையமும் உண்டு, கோணம் ஏறத்தாழ 4 பாகை கூடுதல், விலையும் கூடுதல். படத்தின் தரத்தில் அந்த விலை வித்தியாசத்தை நியாயப்படுத்தும் இடைவெளியை நான் காணவில்லை. நாள் முழுதும் மேடேறி நடப்பவர் என்றால் சோனியை வாங்குங்கள். இல்லையெனில் சிக்மாவை வாங்கி, மிச்சப் பணத்தில் உறுதியான முக்காலியும், லென்ஸைச் சுற்றிக் கட்டும் வெப்பப் பட்டை ஒன்றும் வாங்குங்கள். பவர் பேங்கில் இயங்கும் அந்தப் பட்டை இல்லாமல் மலையிரவில் ஒரு மணி நேரம் நின்றால் முன்கண்ணாடியில் பனி படிந்துவிடும், எஃப் 1.4 ஆனாலும் எஃப் 4 ஆனாலும் படத்தில் கிடைப்பது வெறும் பால்வெள்ளைதான்.

கூட்டத்தை எடுக்கும்போது முகங்களைச் சட்டத்தின் ஓரத்தில் விடாதீர்கள். அகலக்கோணத்தில் ஓரத்து முகம் பக்கவாட்டில் இழுபட்டுப் பூசணிக்காய்போல் ஆகிவிடும். படத்தைக் கொண்டுபோய்க் காட்டும்போது அந்தப் பாட்டி உங்களை மன்னிக்க மாட்டார்.

கேள்வி: நிகான் இசட் 6 கேமராவும் 24-70 மி.மீ. எஃப் 4 லென்ஸும் வைத்திருக்கிறேன். சோலைக்காட்டுக்குள்ளும் மூடுபனியிலும் எடுக்க 20 மி.மீ. எஃப் 1.8 நல்லதா, 24 மி.மீ. எஃப் 1.8 நல்லதா? எஃப் 1.8 இருந்தால் பனியை ஊடுருவித் தெளிவாக எடுக்கலாம் என்கிறார் நண்பர்.
– வாசகர், குன்னூர்

பதில்: நண்பர் சொல்வது தவறு. மூடுபனி என்பது வெளிச்சக் குறைவன்று. உங்களுக்கும் மரத்துக்கும் நடுவே மிதந்துகொண்டு ஒளியைச் சிதறடிக்கும் நீர்த்துளிகளின் கூட்டம். லென்ஸை எவ்வளவு அகலமாகத் திறந்தாலும் அந்தத் துளிகள் விலகப்போவதில்லை. ஆனால் அகலக்கோணத்துக்கு வேறொரு பயன் இருக்கிறது: அதே மரத்தைச் சட்டத்தில் அடக்க நீங்கள் மிக அருகே போய் நிற்கலாம். நடுவிலிருக்கும் பனியின் கனம் குறைவதால் அடிமரத்தின் பாசியும் பட்டையும் துலங்க, பின்னாலிருப்பவை ஒவ்வொன்றாக மங்கி மறையும். சோலையின் அழகே அதுதான் என்பேன்.

ஆகவே 20 மி.மீ. வாங்குங்கள். 24 உங்கள் ஜூம் லென்ஸிலேயே இருக்கிறது. பாசியும் பின்மரமும் ஒருங்கே தெளிவாக வேண்டுமானால் எஃப் 8-க்கு மூட வேண்டியிருக்கும். அந்த நிலையில் ஒன்றே முக்கால் மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் முக்கால் மீட்டருக்குச் சற்று அப்பாலிருந்து தொலைதூரம் வரை தெளிவு கிடைக்கும். எஃப் 1.8-இலோ அதற்கு ஏழு மீட்டருக்கு மேல் போக வேண்டும். உங்கள் கேமராவின் உடலிலேயே நடுக்கத் தடுப்பு இருப்பதால், சோலைக்காகவே இந்த லென்ஸ் என்றால் அதன் எஃப் 1.8 திறப்புக்கு நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி தூங்கிக்கொண்டிருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எடை 505 கிராம். ஃபில்டர் அளவு 77 மி.மீ.

கேள்வி: சிறிய சென்சாரில் 16 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ் 24 மி.மீ. ஆகிவிடும் என்றால், எஃப் 1.4-உம் மாறிவிடுமா?
– கல்லூரி மாணவி, உதகமண்டலம்

பதில்: லென்ஸில் எதுவும் மாறுவதில்லை. சிறிய சென்சார் படத்தின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வதால், ஃபுல் ஃபிரேம் எனப்படும் பெரிய சென்சாரில் 24 மி.மீ. காட்டும் கோணம் உங்களுக்குக் கிடைக்கிறது. ஷட்டர் வேகக் கணக்குக்கு அது எஃப் 1.4 தான். பின்னணி மங்கலை மட்டும் ஒப்பிட்டால், ஃபுல் ஃபிரேமில் 24 மி.மீ. எஃப் 2.1 எவ்வளவு தருமோ அவ்வளவு.

கேள்வி: பழைய அகலக்கோண பிரைம் லென்ஸ் ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது. மழைக்காலம் முழுதும் அலமாரியில் இருந்ததாம். வாங்கலாமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: பூஞ்சைக்குப் பயந்துகொண்டே பாருங்கள். நானும் ஒரு மழைக்காலத்தில் நல்ல லென்ஸ் ஒன்றைத் தோலுறையில் போட்டு மூடி வைத்து, தை மாதம் திறந்தபோது கண்ணாடிக்குள் சிலந்தி வலை பின்னியிருக்கக் கண்டவன். தோலுறை ஈரத்தைக் குடித்து வைத்திருந்தது. என் கவனக்குறைவைத் தவிர வேறு யாரையும் குறைசொல்ல முடியாது.

லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து, பின்புறமிருந்து டார்ச் அடித்து, சற்றுச் சாய்த்துப் பாருங்கள். இரண்டு மூன்று தூசுகள் இருந்தால் கவலையில்லை. நூல்போல் கிளை பிரிந்த கறை இருந்தால், எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். இவ்வகை லென்ஸ்களில் கண்ணாடிகள் ஏராளம் (மேலே சொன்ன சிக்மாவில் 16). பிரித்துத் துடைத்து அதே சீரில் மறுபடி பொருத்துவது எளிய வேலையன்று, பூஞ்சை மேற்பூச்சை அரித்திருந்தால் துடைத்தாலும் வடு போகாது. அடுத்து, எதிர்மலையின் தேயிலை வரிசைகளை எஃப் 2-இல் ஒரு படம் எடுத்து, இடப்புற ஓரத்தையும் வலப்புற ஓரத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் கலங்கியும் இருந்தால் உள்ளே கண்ணாடி விலகியிருக்கிறது, ஒருமுறை கீழே விழுந்திருக்கக்கூடும்.

வாங்கினால் காற்றுப் புகாத டப்பாவில், நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடும் சிறிய ஈரப்பதமானியோடும் வையுங்கள். முள் 40-க்கும் 50-க்கும் இடையில் நிற்க வேண்டும். அரிசிப் பானைக்குள் வைக்கும் வழக்கம் வேண்டாம், தவிட்டுத் தூள் ஃபோகஸ் வளையத்துக்குள் போய்விடும்.