கத்தரிக்கு வலை போடுங்கள், பரங்கியைத் திறந்துவிடுங்கள்

திருவாரூர் மாவட்டம் நன்னிலம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கொல்லையில் கத்தரி, வெண்டை, கீரை போட்டிருக்கிறார். பந்தலில் புடலையும் பாகலும், வேலியோரம் பரங்கியும் இருக்கின்றன. மருந்தடிக்க மனமில்லாமல், யாரோ சொன்னார்கள் என்று பச்சை வலை வாங்கி எல்லாவற்றையும் மூடிவிட்டார். இப்போது கத்தரி நெடுநெடுவென்று வளர்ந்து நிற்கிறதாம், காய் குறைவு, காய்த்ததிலும் புழு. பரங்கியில் பிஞ்செல்லாம் மஞ்சளாகி உதிர்கிறது. "வலையில் கோளாறா, நான் போட்ட விதத்தில் கோளாறா?" என்று கேட்கிறார். தென்னைக்கு அடியில் இருக்கும் செடிகளில் கரி பூசினாற்போல் கருப்பு படிவது ஏன், அதற்கும் வலை உதவுமா என்பது அவருடைய இன்னொரு கேள்வி.

முதல் கேள்விக்குப் பதில்: இரண்டிலும் கோளாறு இருக்கிறது. நீங்கள் வாங்கியது நிழல்வலை. நாற்றுக்கும் பூந்தொட்டிக்கும் வெயிலைத் தணிக்கச் செய்தது அது. கடையில் 50 சதவீதம் என்று சொல்லிக் கொடுத்திருந்தால், பாதி வெளிச்சத்தை அது மேலேயே நிறுத்திவிடுகிறது என்று பொருள். கத்தரிக்கும் வெண்டைக்கும் முழு வெயில் வேண்டும். வெளிச்சம் போதாத செடி உயரமாக ஓடும், தண்டு மெலியும், பூ குறையும். பூச்சியைத் தடுப்பதிலும் நிழல்வலையை நம்ப முடியாது. அதன் கண்கள் ஒரே அளவாக இருப்பதில்லை. கழியில் இழுத்துக் கட்டினால் இன்னும் விரியும்.

பூச்சிக்கென்று விற்கும் வலை வெள்ளையாக, மெல்லிய பிளாஸ்டிக் நூலில் நெருக்கமாக நெய்திருக்கும். "40 மெஷ்" என்றால் ஓர் அங்குல நீளத்துக்கு 40 கண். நூலின் தடிமன் போக ஒரு கண் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் இருக்கும். வெயில் தாங்கும்படி செய்ததா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டில் கிடக்கும் கொசுவலையும் சில வேலைகளுக்குப் போதும். அதன் கண் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் வரை இருக்கும், அந்துப்பூச்சியும் வண்டும் வெட்டுக்கிளியும் நுழையாது. ஆனால் அறைக்குள் தொங்கவிடச் செய்த சாதனம் அது. வெயிலில் கிடந்தால் சீக்கிரம் நைந்துபோகும். பழம்புடவையைச் சுற்றிவைப்பவர்களும் உண்டு. மயிலை விரட்டினாலும் விரட்டும், பூச்சிக்கு அது ஒன்றும் செய்யாது.

ஆகவே எந்த வலை என்பதற்கு முன்னால் எந்தப் பூச்சி என்று பார்க்க வேண்டும். அதோடு, அந்தச் செடி காய்க்கத் தேனீ வேண்டுமா என்றும் பார்க்க வேண்டும். இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் கடைக்காரரிடம் என்ன கேட்பது என்பது தானாக வந்துவிடும்.

கத்தரியிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் வலையால் அதிகப் பலன் அதில்தான். உங்கள் காயில் இருப்பது பெரும்பாலும் குருத்து மற்றும் காய்த்துளைப்பான். தாய் அந்துப்பூச்சி சின்னது, வெள்ளை இறக்கையில் பழுப்புத் திட்டுகள் இருக்கும். இரவில் வந்து இலைக்கு அடியிலும் குருத்திலும் மொட்டிலும் முட்டை வைக்கும். முட்டையிலிருந்து வெளிவந்த புழு சில மணி நேரத்திலேயே உள்ளே துளைத்துப் போய்விடுவதால், அதன்பிறகு மேலே எதைத் தெளித்தாலும் அதற்கு எட்டாது. காயில் நீங்கள் பார்க்கிற பெரிய ஓட்டை, புழு தின்று முடித்து வெளியேறிய வழி. உள்ளே போன துளை ஊசிமுனை அளவுதான் இருக்கும், அதுவும் மூடிக்கொண்டுவிடும். ஓட்டையே இல்லாத காயை அரிந்தால் உள்ளே புழு நெளிவது இதனால்தான்.

இந்த அந்துப்பூச்சிக்குக் கொசுவலையே போதும். ஆனால் நட்ட அன்றைக்கே போட வேண்டும். காய் பிடித்தபிறகு போட்டால், புழுவை உள்ளே வைத்துப் பூட்டிய கதையாகிவிடும். வெளியேறும் புழு அங்கேயே சருகிலும் மண்மேலும் கூடு கட்டி, அந்துப்பூச்சியாகி, வலைக்குள்ளேயே மறுபடி முட்டை வைக்கும். உங்கள் கத்தரியில் நடந்திருப்பது இதுவாகத்தான் இருக்க வேண்டும். இப்போதைக்கு வலையை எடுத்துவிட்டு, வாடித் தொங்கும் குருத்துகளை எல்லாம் துளைக்குக் கொஞ்சம் கீழே கிள்ளி சோப்புத் தண்ணீரில் போடுங்கள். சொத்தைக் காயை எருக்குழியில் போடாதீர்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போட்டுவிடுங்கள். பழைய கத்தரிச் செடியைப் பிடுங்கி, காய்ந்ததும் அடுப்புக்கு ஆகும் என்று கொல்லையிலேயே அடுக்கி வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அந்தக் குச்சிகளுக்குள் இருக்கும் புழுதான் அடுத்த பட்டத்துக்கு அந்துப்பூச்சியாக வரும். அதை உடனே எரித்துவிடுங்கள். அடுத்த கத்தரியை வேறு பாத்தியில் நட்டு, முதல் நாளே வலை போடுங்கள்.

வலைக்குள் கத்தரி காய்க்குமா என்று பலர் கேட்கிறார்கள். காய்க்கும். கத்தரிப்பூ தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். மகரந்தப்பையின் நுனியில் ஒரு சின்னத் துளை உண்டு. பூ அதிர்ந்தால் அதன் வழியாகத் தூள் கொட்டும். வெளியே கருவண்டு போன்றவை ரீங்கரித்து அந்த அதிர்வைத் தருகின்றன. உள்ளே அவை வராது என்பதால் காலையில் நீங்கள் செடியை லேசாக உலுக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். அப்படியும் சில பூக்கள் உதிர்ந்தால் வலையைக் குறை சொல்வதற்கு முன் ஒரு பூவை உற்றுப் பாருங்கள். நடுவில் இருக்கும் சூல்முடி மஞ்சள் மகரந்தப்பைகளைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது காயாகும். உள்ளே புதைந்து குட்டையாக இருந்தால் என்ன செய்தாலும் உதிரும். ஒரே செடியில் இரண்டு வகையும் பூக்கும்.

வெண்டைக்கு எதிரி வேறு. இலை நரம்பெல்லாம் மஞ்சளாகி, காயும் வெளுத்துப்போகும் மஞ்சள் நரம்புத் தேமலைப் பார்த்திருப்பீர்கள். அது நச்சுயிரி (வைரஸ்) நோய், பரப்புவது வெள்ளை ஈ. இதற்குக் கொசுவலை பயன்படாது, 40 மெஷ் அல்லது அதைவிட நெருக்கமான வலை வேண்டும். நோய் எவ்வளவு இளசில் தாக்குகிறதோ அவ்வளவு நட்டம். எனவே விதைத்ததிலிருந்து நான்கைந்து வாரம் மூடிக் காப்பாற்றிவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. அதற்குள் செடி வலையை முட்டும், அப்புறம் எடுத்துவிடலாம்.

நம் ஊரில் இதற்கு ஒரு காலக்கணக்கு உண்டு. தையிலும் மாசியிலும் சம்பா அறுவடை முடிந்த வயலெங்கும் உளுந்தும் பயறும் நிற்கும். உளுந்தில் மஞ்சள் தேமலைப் பரப்புவதும் இதே வெள்ளை ஈதான். நச்சுயிரி வேறு, பூச்சி ஒன்று. பங்குனி வெயிலில் உளுந்து முற்றிக் காயத் தொடங்கும்போது, வயலில் பெருகிய ஈ பச்சையாக இருக்கும் இடத்தைத் தேடி வரும். வயலை ஒட்டிய கொல்லை என்றால் உங்கள் வெண்டைதான் அதற்கு முதலில் கிடைக்கும். ஆடிப் பட்டத்து வெண்டை வலை இல்லாமல் தப்பித்தாலும், மாசிக்கு மேல் போடும் வெண்டையை நான் வலை இல்லாமல் விதைக்கச் சொல்ல மாட்டேன்.

கீரைக்கு யோசனையே வேண்டாம். பூவும் வேண்டாம், காயும் வேண்டாம். இலையைப் பிணைத்துக்கொண்டு தின்னும் புழுவின் தாய் உள்ளே வராமல் இருந்தால் போதும். இரண்டடி உயரத்துக்கு வளைகுச்சி நட்டு மேலே வலையைப் போர்த்திவிடுங்கள். மிளகாய் உங்கள் பட்டியலில் இல்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்: மிளகாய் இலையைச் சுருட்டும் இலைப்பேன் மிக மெலிந்தது, 40 மெஷ் கண்ணிலும் நுழைந்துவிடும். அதைத் தடுக்கும் அளவுக்கு நெருக்கமான வலை போட்டால் நம் வெக்கைக்கு உள்ளே செடி புழுங்கிப்போகும்.

சரி, பரங்கி. இதில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவுக்கு அடியில் குட்டிப் பிஞ்சு முதலிலேயே இருக்கும். ஆண் பூவின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவராவிட்டால் அந்தப் பிஞ்சு சில நாளில் மஞ்சளாகி விழும். நீங்கள் மூடியது தேனீயை. ஆனால் பழ ஈ குத்தினாலும் பிஞ்சு இப்படித்தான் உதிரும். எது என்று தெரிய, விழுந்த பிஞ்சு ஒன்றைக் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே சுத்தமாக இருந்தால் மகரந்தம் சேரவில்லை. வெள்ளைப் புழு துள்ளினால் பழ ஈ. புடலையும் பாகலும் இதே ரகம்தான். அதிலும் புடலைப் பூ அந்தி சாய்ந்துதான் விரியும், இரவில் வரும் அந்துப்பூச்சிகள்தான் அதற்கு வேலை செய்கின்றன. எனவே பந்தலையும் பரங்கிக் கொடியையும் முழுக்கத் திறந்துவிடுங்கள். பழ ஈக்கு, பூ வாடிப் பிஞ்சு பெருக்கத் தொடங்கியதும் அந்தக் காய்க்கு மட்டும் பை போடலாம். கொசுவலையில் தைத்த சின்னப் பை பாகலுக்குக் கச்சிதம். செய்தித்தாளும் ஆகும், மழை வந்தால் ஊறிவிடும். நீண்டு தொங்கும் புடலைக்குப் பை மாட்டிக்கொண்டிருக்க முடியாது. ஆண் பழ ஈக்களை இழுக்கும் கவர்ச்சிப் பொறி ஒன்றைப் பந்தலில் கட்டிவிட்டு, குத்துப்பட்ட பிஞ்சுகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துவதுதான் வழி.

இனி போடும் விதம். பத்தடி நீளம், நான்கடி அகலப் பாத்தியில் ஐந்தடி உயரத்துக்குச் சட்டம் கட்டினால், இரு பக்கமும் அரையடி மண்ணுக்குள் புதைக்க 15 அடி அகலமும் 21 அடி நீளமும் உள்ள ஒரே துண்டு வேண்டும். இரண்டு துண்டை ஒட்டுப்போட்டால் சந்து விழும். சட்டத்துக்கு மூங்கில் போதும், அல்லது சவுக்குக் கழி. கழி முனையில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் காற்றிலேயே வலை கிழியும். இலை வலையைத் தொடக் கூடாது. தொட்டால் அந்துப்பூச்சி வெளியே உட்கார்ந்தபடியே இலையில் முட்டை வைத்துவிடும்.

பலர் கோட்டைவிடுவது அடி ஓரத்தில். நம் களிமண் சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மாசியில் அழகாகப் புதைத்த ஓரம் அப்போது பல்லிளிக்கும். வெடிப்பில் மணலைக் கொட்டி நனைத்து, ஓரத்தின் மேல் செங்கல் வரிசை வைத்துவிடுங்கள். கொள்ளிடப் படுகை மண்ணில் இந்தத் தொல்லை கிடையாது. எலிக்கு இதெல்லாம் ஒரு தடையே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நூலைக் கடித்துக்கொண்டு வரும்.

களையெடுப்பது, காய் பறிப்பது எல்லாம் காலையில் முடித்து, பொழுது சாய்வதற்குள் மூடிவிடுங்கள். வாரம் இரண்டு முறை இலையைத் திருப்பிப் பாருங்கள். வலைக்குள் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி ஒன்று வந்துவிட்டால் அதைத் தின்னும் பொறிவண்டு உள்ளே வர வழியில்லை, நாளுக்கு நாள் பெருகும். அப்போது பகலில் ஒரு பக்கத்தைத் தூக்கிவிடுங்கள். வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து லிட்டருக்கு 50 கிராம் வீதம் இரவு ஊறவைத்து, வடிகட்டி, துளி சோப்புக் கலந்து மாலையில் இலைக்கு அடியில் படும்படி தெளித்தால் அடங்கும். அறுவடை இயந்திரம் ஓடும் நாட்களில் தூசி வலைக்கண்ணை அடைத்துவிடும். குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வலையைச் சுருட்டி வைத்துவிடுவது என் யோசனை. நெருக்கமான வலை காற்றோட்டத்தைக் குறைக்கும். ஈரம் காயாமல் நிற்கும் பாத்தியில் அழுகல் நோய் பிடித்தால் பூச்சியைவிடச் சேதம் அதிகம். புயல் எச்சரிக்கை வந்தால் கேட்கவே வேண்டாம், உடனே அவிழ்த்துவிடுங்கள். 2018 நவம்பரில் கஜா தென்னையையே சாய்த்துப் போட்ட மண் இது.

நாகப்பட்டினம் பக்கம் பழைய மீன்வலையை மயிலுக்கும் கோழிக்கும் தடுப்பாக வேலியில் கட்டுகிறார்கள். மலிவு என்று நீங்களும் கட்டிவிடாதீர்கள். எலியைத் துரத்தி வரும் சாரைப்பாம்பு அதில் தலையை நுழைத்துச் சிக்கிச் சாகும். சுண்டுவிரல் நுழையாத கண் உள்ள வலை என்றால் அந்த ஆபத்து குறைவு. சிக்கிய பாம்பு எதுவென்று தெரியாவிட்டால் கை வைக்காமல் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

தென்னைக்கு அடியில் படியும் கருப்புக்கு வலையால் பயனில்லை. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் கண்டறியப்பட்டுப் பிறகு பரவிய சுருள் வெள்ளை ஈ தென்னை ஓலைக்கு அடியில் இருந்துகொண்டு தேன்போன்ற கழிவைச் சொட்டுகிறது. அதன்மேல் வளரும் பூஞ்சைதான் அந்தக் கரி. வலை கட்டினால் வலையும் கருக்கும், வெளிச்சம் இன்னும் குறையும். மரத்துக்குக் கடுமையான மருந்து அடித்தால், அந்த ஈயை உள்ளிருந்து தின்னும் ஒட்டுண்ணிக் குளவியும் சேர்ந்து சாகும். மஞ்சள் ஒட்டும் அட்டையைத் தென்னை மரத்தில் கட்டுங்கள், எட்டும் ஓலைகளின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். கத்தரிப் பாத்தியைத் தென்னைக்கு அடியிலிருந்து வெயில் விழும் பக்கம் தள்ளிப் போட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் ஓலைத் துண்டு ஒன்றை நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.