இரண்டு அட்டையிலும் ‘சார்டன்’ என்றிருந்தால் இரண்டும் ஒரே மருந்தா?

கோத்தகிரி அருகே தேயிலைத் தோட்டக் குடியிருப்பிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “அம்மாவின் ரத்தக்கொதிப்புக்குக் கோவை மருத்துவர் டெல்மிசார்டன் 40 எழுதினார். இங்கே அந்தக் கம்பெனி மாத்திரை இல்லாததால் கடைக்காரர் வேறு பெயருள்ள அட்டையைத் தந்தார். முன்பு சுகாதார நிலையத்தில் வாங்கிய லோசார்டனும் மீதி இருக்கிறது. எதைக் கொடுப்பது?”

கடைக்காரர் தந்த அட்டையில் டெல்மிசார்டன் 40 மி.கி. மட்டும் இருந்தால் அதைக் கொடுக்கலாம். லோசார்டனை அதனுடன் சேர்த்தோ அதற்குப் பதிலாகவோ நீங்களாகவே கொடுக்கக் கூடாது.

கம்பெனி சூட்டும் வணிகப் பெயர் அதற்கே சொந்தம். டெல்மிசார்டன் என்ற பொதுப்பெயரோ யாருக்கும் உரிமையில்லாதது. உலக சுகாதார நிறுவனம் இத்தகைய பெயர்களின் முதல் பட்டியலை 1953இல் வெளியிட்டது. கம்பெனி கேட்கும் பெயர் வேறு மருந்தின் பெயரோடு குழம்புமா, நோயையோ உடலுறுப்பையோ நினைவூட்டி நோயாளியைக் கலங்க வைக்குமா என்றெல்லாம் நிபுணர் குழு ஆராய்ந்து, அதை முன்மொழிவாக வெளியிட்டு, ஆட்சேபணைக்கு 4 மாதம் அளித்த பிறகே உறுதி செய்கிறது. ஒரே வகையில் வேலை செய்யும் மருந்துகளுக்குப் பொதுவான ஈறு தரப்படுகிறது: ரத்தக்குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் என்ற பொருள் உடலில் ஒட்டிக்கொள்ளும் இடமான ஏற்பியைத் தடுப்பவை ‘சார்டன்’ என்றும், இன்னொரு வகை ரத்தக்கொதிப்பு மருந்துகளான எனலாப்ரில், ராமிப்ரில் போன்றவை ‘ப்ரில்’ என்றும் முடிவது இதனால்தான்.

ஆகவே டெல்மிசார்டனும் லோசார்டனும் ஒரே வகை, ஆனால் வெவ்வேறு மருந்துகள். அளவும் ஒன்றுக்கொன்று ஈடாகாது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் மிகவும் இறங்கித் தலைசுற்றலாம், பொட்டாசியம் கூடலாம், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். வயதானவர்கள் விஷயத்தில் இது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

இந்தியாவில் 2018ஆம் ஆண்டுத் திருத்தப்படி, ஒரே மருந்துள்ள அட்டையில் பொதுப்பெயர் வணிகப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். முதலில் அதைப் படியுங்கள். வணிகப் பெயரின் பின்னால் எச், ஏ.எம். போன்ற எழுத்துகள் ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் கூட்டு மருந்து: முன்னதில் சிறுநீர் பெருக்கியும் பின்னதில் அம்லோடிபின் என்ற வேறொரு ரத்தக்கொதிப்பு மருந்தும் சேர்ந்திருக்கக்கூடும். மருத்துவர் தனி டெல்மிசார்டன் எழுதியிருக்க, கடையில் இப்படிப்பட்ட அட்டை கிடைத்தால் வாங்க வேண்டாம். மாத்திரையை எண்ணி வாங்கும்போது, பெயரும் காலாவதி நாளும் அச்சான பகுதியோடு வெட்டித் தரச் சொல்லுங்கள். மிச்சமுள்ள லோசார்டனை அடுத்த முறை சுகாதார நிலையத்துக்குப் போகும்போது அட்டையோடு எடுத்துச் சென்று, கோவை மருத்துவரின் சீட்டையும் அங்குள்ள மருத்துவரிடம் காட்டுங்கள்.