பள்ளி வாசலில் சாலையைக் கடப்பது எப்படி?

கேள்வி: பள்ளிக்கு எதிரே பஸ் நிறுத்தம். நடுவே மீடியன் (நடுத்தடுப்பு) இல்லாத சாலை. பிள்ளைகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடக்கிறார்கள். சிக்னல் கேட்டு 3 முறை மனு கொடுத்தும் பலனில்லை. வேறென்ன செய்யலாம்?

பதில்: சாலை யாருடையது என்று முதலில் உறுதிசெய்யுங்கள். ஊருக்குள் ஓடும் சாலை மாநகராட்சியுடையதாக இருக்கலாம். மாநில நெடுஞ்சாலைத் துறை அல்லது தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையதாகவும் இருக்கலாம். இடம் மாறிப்போன மனு மேசை மேசையாகச் சுற்றும். போக்குவரத்துக் காவல்துறைக்கும் ஒரு நகல் கொடுங்கள்.

'ஆபத்தாக இருக்கிறது' என்று எழுதினால் போதாது, எண்ணிக் காட்டுங்கள். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரசின் ஐஆர்சி 103 விதிநூலின் 2012 பதிப்பில் இதற்கு ஒரு கணக்கு தரப்பட்டது (2022இல் புதிய பதிப்பு வந்திருக்கிறது, அதையும் பாருங்கள்). ஒரு மணி நேரத்தில் கடக்கும் ஆட்களின் எண்ணிக்கையை, அதே நேரத்தில் ஓடும் வண்டிகளின் எண்ணிக்கையால் இருமுறை பெருக்க வேண்டும். மீடியன் இல்லாத சாலையில் விடை 10 கோடியையும், மீடியன் உள்ள சாலையில் 20 கோடியையும் தாண்டினால் சிக்னல் போன்ற கட்டுப்பாடுள்ள கடவை (நடப்பவர்கள் சாலையைக் கடக்கும் இடம்) கேட்கலாம். 400 பேர், 600 வண்டிகள் என்றால் 400 × 600 × 600 = 14.4 கோடி. உங்கள் சாலைக்கு அதுவே போதும்.

நெரிசல் மிகுந்த 4 மணி நேரங்களை எண்ணிச் சராசரி எடுங்கள். ஒருவர் ஆட்களை எண்ணட்டும். போக்குக்கு ஒருவர், வரத்துக்கு ஒருவர் வண்டிகளை எண்ணட்டும். தாளில் ஐந்தைந்தாகக் குறியுங்கள்: நான்கு கோடு, குறுக்கே ஐந்தாவது கோடு. 15 நிமிடத்துக்கு ஒரு கட்டம். பிள்ளைகள் வாசலுக்கு நேராக மட்டும் கடப்பதில்லை, இருபுறமும் 50 மீட்டர் வரை பாருங்கள். தேர்வு விடுப்பில் எண்ணினால் கணக்கு சரிந்துவிடும்.

இந்தக் கணக்கில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. பயந்து கடக்காமலே திரும்பிவிடும் முதியவர் இதில் வரமாட்டார். பஸ் நிறுத்தத்தில் தயங்கி நிற்பவர்களையும், எத்தனை நிமிடம் நிற்கிறார்கள் என்பதையும் தனியே குறியுங்கள். ஆண்டுக்கு 5 பாதசாரிகள் அடிபட்டிருந்தால் அதுவும் ஒரு காரணமாக ஏற்கப்படும். அந்த விவரத்தைக் காவல் நிலையத்திடமிருந்து தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும்.

கேள்வி: அதுவரை தெருக்காரர்கள் சேர்ந்து சிமென்டில் வேகத்தடை போட்டுவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. மணிக்கு 25 கி.மீ. வேகத்துக்கான வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட மெல்லிய வளைவு. நாமே போடுவது ஒரு முழ அகலத்தில் செங்குத்தாக நிற்கும். பைக்கின் பின்னால் குழந்தையோடு அமர்ந்திருக்கும் பெண்ணைத்தான் அது முதலில் தூக்கி எறியும், அதிலும் இரவில், வெள்ளைக் கோடும் எச்சரிக்கைப் பலகையும் இல்லாதபோது. நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திய கடவையை மனுவில் கேளுங்கள். வண்டியும் வேகம் குறையும், நடப்பவரும் இறங்கி ஏற வேண்டாம். இருபக்கமும் மழைநீர் தேங்காமல் வடிகால் வேண்டும் என்றும் அதிலேயே எழுதிவிடுங்கள்.