இழுத்து அறுவதில்லை, உரசித்தான் அறுகிறது: மும்பைத் தூண்டில்காரர்களின் நரம்புக் கேள்விகள்

மழை ஓய்ந்ததும் பரண் மேலிருந்து ரீல்கள் இறங்கத் தொடங்கிவிட்டன. இம்முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி தூண்டில் நரம்பைப் பற்றியே. நரம்பு, தங்கூஸ், லைன் என்று ஆளுக்கொரு பெயர். தங்கூஸ் என்று கேட்டால் இங்கே மராத்திக் கடைக்காரருக்கும் புரியும், அது ஒரு வசதி.

அண்ணாச்சி, முதல் சம்பளத்தில் 3000 அளவு ஸ்பின்னிங் ரீலும் ஏழடிக் கம்பும் வாங்கிவிட்டேன். நரம்பு கேட்டால் கடையில் ஐந்தாறு உருண்டைகளை எடுத்துப் போடுகிறார்கள். எதை வாங்க? (தாராவி)

சாதா நைலான் மோனோ, அதாவது ஒற்றை இழை நரம்பு, 0.30 மி.மீ. தடிமன். இந்த ஒரு சீசனுக்கு அது போதும் தம்பி.

உருண்டையின் மேல் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று எத்தனை பவுண்டு தாங்கும் என்பது (ஒரு பவுண்டு ஏறக்குறைய 450 கிராம்). மற்றது தடிமன். மலிவான லைன்களில் பவுண்டு கணக்கைத் தாராளமாக எழுதிவிடுவார்கள். அதனால் தடிமனைப் பார்த்து வாங்குங்கள். அதிகம் தாங்கட்டும் என்று 0.45 எடுத்தால், ரீலில் நரம்பு சுற்றுகிற அந்தச் சின்ன ஸ்பூலில் அது அடங்கி உட்காராது. வீசும்போது சுருள் சுருளாகக் கழன்று வரும், தூரமும் போகாது.

மோனோ இழுத்தால் நன்றாக நீளும். புதிதாகப் பழகுகிறவர் டிராக்கை (மீன் பலமாக இழுத்தால் லைனை நழுவவிடுகிற ரீலின் பிரேக்) தப்பாக வைத்தாலும், பதற்றத்தில் கம்பை வெடுக்கென்று இழுத்தாலும் அந்த நீட்சி கொஞ்சம் மன்னித்துவிடும். முடிச்சும் சுலபம். மார்வேயிலும் மனோரியிலும் சிங்காளா, அதாவது நம் கெளுத்தி, பிடித்துப் பழக இதுவே தாராளம். கெளுத்தியைக் கையில் பிடிக்கும்போது மட்டும் கவனம், முதுகு முள்ளிலும் பக்க முள்ளிலும் விஷம் உண்டு.

கடை வாசலில் வெயிலில் தொங்குகிற உருண்டையை வாங்காதீர்கள். நான் ஒருமுறை அப்படி வாங்கி, கழிமுகத்துக்குப் போய் முதல் முடிச்சை இறுக்கியபோதே அது பட்டென்று போனது. வெயில் நைலானை உள்ளேயே அரித்துவிடும், பார்வைக்குப் புதிதாகத்தான் இருக்கும். உள்ளே பெட்டியில் இருப்பதைக் கேட்டு வாங்கி, ஒரு முழம் இழுத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

20 பவுண்டு பிரெய்ட் (பின்னல் லைன்) போட்டிருக்கிறேன். பாந்த்ரா பாண்ட்ஸ்டாண்ட் பாறையில் ஒரு மாதத்தில் நான்கு லூர் (செயற்கை இரை) போய்விட்டது. பெரிய மீன் எதுவும் மாட்டவில்லை, லைன் தானாகவே அறுகிறது. 40 பவுண்டுக்கு மாறட்டுமா? (முலுண்ட்)

மாறினாலும் அறும். உங்கள் லைனை மீன் இழுத்து அறுக்கவில்லை, பாறை உரசி அறுக்கிறது.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். அங்கே கடல் ஏறி வற்றுவது ஒரு மீட்டருக்குள் முடிந்துவிடும். மும்பையில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நீர்மட்டம் 4 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். வற்றின நேரத்தில் போய்ப் பாருங்கள், நீங்கள் லூர் ஓட்டுகிற அந்தப் பாறை முழுக்கக் கொட்டலசும் சிப்பியும் அப்பிக் கிடக்கும். ஒவ்வொன்றும் ஒரு பிளேடு. நீர் ஏறியதும் அதன் மேல்தான் உங்கள் லைன் நடக்கிறது.

பிரெய்ட் என்பது பாலிஎதிலீன் இழைகளைப் பின்னியது. நீளவாக்கில் இழுத்தால் இரும்பு மாதிரி. ஆனால் 20 பவுண்டு பிரெய்டின் தடிமன் 0.20 மி.மீ. பக்கம்தான். இறுக்கமாக நிற்கும்போது சிப்பி விளிம்பு பட்டால் இழை இழையாகப் போய்விடும். 40 பவுண்டு என்பது கொஞ்சம் தடித்த அதே கதை. பிரெய்டின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது: மெல்லியது என்பதால் தூரம் போகும், நம் ஊர் நீரோட்டம் அதை அதிகம் இழுக்காது, நீட்சியே இல்லாததால் மீன் தொட்டது விரலுக்கு உடனே தெரியும். அதை விடாதீர்கள். முனையில் லீடர், அதாவது தடித்த ஒரு துண்டு லைன், கட்டுங்கள்.

30 முதல் 40 பவுண்டு மோனோ, 0.55 அல்லது 0.60 மி.மீ., ஒன்றரை மீட்டர். பாறைக்கு முன்னால் நிற்கிற ஆளுக்கு இரண்டு மீட்டர்கூட வைக்கலாம். ஜிதாடா (நம் கொடுவா) மாட்டினாலும் இந்த லீடர்தான் காப்பாற்றும். அதன் செவுள் மூடி ஓரம் கத்தி போல இருக்கும், தலையை உதறும்போது மெல்லிய லைனைச் சீவிவிடும். வசாய் கழிமுகத்தில் லீடர் இல்லாமல் நான் விட்ட ஒரு கொடுவாவை இன்னமும் வீட்டில் சொல்லிக் காட்டுகிறார்கள்.

பிரெய்டையும் லீடரையும் இணைக்க எஃப்.ஜி. முடிச்சு நல்லது. மெலிதாக இருப்பதால் கம்பின் வளையங்களில் தட்டாமல் போகும். ஆனால் வீட்டு மேசையில் இருபது முறையாவது கட்டிப் பழகிவிட்டுப் போங்கள். பாறை மேல் காற்றில் நின்று கற்றுக்கொள்ளும் முடிச்சு இல்லை அது. பழகும் வரை டபுள் யூனி முடிச்சு போதும். எந்த முடிச்சானாலும் எச்சில் தொட்டு ஈரமாக்கி மெதுவாக இறுக்கணும். உலர இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நைலான் அங்கேயே பலவீனமாகிவிடும்.

நாலு வீச்சுக்கு ஒருமுறை லீடரின் கடைசி ஒரு முழத்தை விரல் நகத்தில் உருவிப் பாருங்கள். சொரசொரவென்று பட்டால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். சோம்பல்படுகிறவர்தான் லூர் விடுகிறார்.

டிராக்கும் முக்கியம். லைன் தாங்கும் எடையில் கால் பங்கு. 20 பவுண்டு என்றால் 9 கிலோ, அப்போது டிராக் இரண்டேகால் கிலோவில் நழுவத் தொடங்க வேண்டும். ரயிலுக்கு மூட்டை நிறுக்கிற கொக்கித் தராசை லைனில் மாட்டி இழுத்தால் தெரிந்துவிடும். அப்புறம், பாறையில் சிக்கிய பிரெய்டைக் கையில் சுற்றி இழுக்கவே கூடாது, சதையை அறுத்துவிடும். ஒரு குச்சியில் சுற்றி இழுங்கள். நீர் ஏறும் நேரத்தில் அந்தப் பாறையில் நிற்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

பிரெய்ட் புதிதாகச் சுற்றினேன். மீன் இழுத்தால் டிராக் சத்தமே இல்லாமல் மொத்த நூலும் ஸ்பூலின் மேல் வழுக்கிச் சுற்றுகிறது. ரீல் கெட்டுவிட்டதா? (ஆண்டாப் ஹில்)

ரீல் நன்றாக இருக்கிறது. பிரெய்ட் வழுவழுப்பானது, வெறும் ஸ்பூலைப் பிடிக்காது. அடியில் கொஞ்சம் மோனோ சுற்றி அதன் மேல் பிரெய்டைக் கட்ட வேண்டும். அது செலவையும் குறைக்கும்.

எவ்வளவு மோனோ என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. உங்கள் ஸ்பூலில் 0.30/180 என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம், அதாவது 0.30 மி.மீ. லைன் 180 மீட்டர் கொள்ளும். தடிமனைத் தடிமனால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்குங்கள்: 0.09 × 180 = 16.2. உங்கள் பிரெய்ட் 0.20 மி.மீ., 150 மீட்டர்: 0.04 × 150 = 6. மிச்சம் 10.2. அதை 0.09 ஆல் வகுத்தால் 113. ஆக 113 மீட்டர் மோனோ அடியில், 150 மீட்டர் பிரெய்ட் மேலே. இறுக்கத்தைப் பொறுத்து முன்னே பின்னே இருக்கும், ஆனால் கடையில் ‘முந்நூறு மீட்டர் வேணும் சார்’ என்று தலையில் கட்டுவதற்கு இது பதில் சொல்லும்.

ஃபுளோரோகார்பன் லைன் தண்ணீரில் தெரியவே தெரியாதாமே. ரீல் முழுக்க அதையே சுற்றலாமா? (காட்கோபர்)

தானே கழிமுகத்துக்குத்தானே போகிறீர்கள்? அந்தச் சேற்றுத் தண்ணீரில் உங்கள் உள்ளங்கையே உங்களுக்குத் தெரியாது, மீனுக்கு லைன் தெரியப்போகிறதா. பணத்தை வீணாக்க வேண்டாம்.

தெரியாது என்பதும் கொஞ்சம் மிகை. ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33, ஃபுளோரோவுக்கு 1.42, நைலானுக்கு ஏறக்குறைய 1.53. நைலானை விடத் தண்ணீருக்கு நெருக்கம், அவ்வளவுதான். அது விறைப்பானதும்கூட, ஸ்பின்னிங் ரீலில் முழுக்கச் சுற்றினால் ஸ்பிரிங் மாதிரி எகிறும். மழைக்காலம் முடிந்து பவனா அணைப் பக்கம் தெளிந்த தண்ணீருக்குப் போனால் ஒரு மீட்டர் லீடராக வையுங்கள், அங்கே அதற்கு மரியாதை உண்டு. தண்ணீரை விட நன்றாகக் கனமானது என்பதால் இரையும் சீக்கிரம் கீழே இறங்கும். பிரெய்ட் இதற்கு நேர்மாறு, மிதக்கும்.

வொர்லியில் சாயங்காலம் வீசினால் மூன்றாவது வீச்சிலேயே பிரெய்ட் குருவிக்கூடு ஆகிவிடுகிறது. வெட்டி வெட்டியே பாதி லைன் போய்விட்டது. (டோம்பிவிலி)

சாயங்காலம் வொர்லியில் கடல்காற்று நேரே முகத்தில் அடிக்கும். லைன் ஒரு வில் மாதிரி தொய்ந்து விழும். அந்தத் தொய்வோடு கைப்பிடியைச் சுற்றினால் ஸ்பூலில் ஒரு தளர்ந்த கண்ணி விழும். அடுத்த வீச்சில் அந்தக் கண்ணிதான் பத்துச் சுற்றைச் சேர்த்து இழுத்துக்கொண்டு வருகிறது.

லூர் தண்ணீரைத் தொடும்போதே ஸ்பூல் விளிம்பில் விரலை வையுங்கள். ரீலில் லைனைப் பிடித்துச் சுற்றுகிற வளையக் கம்பியைக் கையால் மூடுங்கள், கைப்பிடியைச் சுற்றி மூடாதீர்கள். லைனை ஒருமுறை கையால் இழுத்து இறுக்கிவிட்டு, பிறகு சுற்றுங்கள். ஸ்பூல் விளிம்பிலிருந்து 2 மி.மீ. காலியாக இருக்கட்டும். பிதுங்கப் பிதுங்க நிரப்பியிருந்தால் நீங்கள் என்ன செய்தாலும் கூடு கட்டும்.

இன்னொரு காரணம் முறுக்கு. மீன் லைனை இழுத்துக்கொண்டு டிராக் நழுவும்போது கைப்பிடியைச் சுற்றினால் லைன் ஒரு அங்குலம்கூட உள்ளே வராது, முறுக்கு மட்டும் ஏறும். ரீலின் பல் விகிதம் 5.2 என்றால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஐந்து முறுக்கு. நான் பார்த்தவரை நம் ஆட்கள் பாதிப்பேர் இதைத்தான் செய்கிறார்கள். மீன் ஓடும்போது கையை எடுங்கள், ஓடட்டும். ஏற்கெனவே ஏறிய முறுக்கை எடுக்க, முனையில் எதுவும் கட்டாமல் நீரோட்டத்தில் ஐம்பது மீட்டர் விட்டு, இரண்டு விரலுக்கிடையில் அழுத்திப் பிடித்தபடி சுற்றி எடுங்கள். ஸ்பூன் (கரண்டி வடிவ உலோக லூர்) போடுகிறவர் என்றால் ஸ்விவல் (சுழலும் இணைப்பு) அவசியம்.

கூடு விழுந்தால் இழுக்காதீர்கள். ஊக்கால் கண்ணிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினால் பெரும்பாலும் அவிழ்ந்துவிடும்.

வாக்டி கடித்து லீடரையே துண்டித்துவிடுகிறது. (வசாய்)

வாளை மீனின் பல்லுக்கு நைலான் வெண்ணெய் மாதிரி. ஒரு சாண் மெல்லிய எஃகுக் கம்பி கட்டுங்கள். மற்ற மீனுக்குப் போகும்போது கழற்றிவிடுங்கள்.

சங்கராந்திக்கு வாங்கிய சைனா மாஞ்சா வீட்டில் ஒரு பெரிய உருண்டை இருக்கிறது. அதுவும் நைலான்தானே, தூண்டிலுக்கு ஆகுமா? (சயான் கோலிவாடா)

ஆகாது. அதன் மேலிருக்கும் கண்ணாடித்தூள் கம்பின் வளையத்தை அறுக்கும், ரீலின் உருளையை அறுக்கும், கடைசியில் உங்கள் விரலை அறுக்கும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017லேயே நாடு முழுக்க அதைத் தடை செய்துவிட்டது. பட்டத்துக்கும் எடுக்காதீர்கள். துண்டு துண்டாக வெட்டி, உறையில் கட்டிக் குப்பையில் சேருங்கள். கழித்த தூண்டில் நரம்புக்கும் இதே வழிதான். சிவ்ரியில் நாரைகளின் காலில் சுற்றிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்பா வைத்திருந்த ரீல், அவர் போய் ஆறு வருஷமாகிறது. என் மகன் அதை எடுத்துக்கொண்டு மார்வே போகணும் என்கிறான். அப்பா சுற்றிய லைனை மாற்ற மனசு வரவில்லை. அதையே பயன்படுத்தலாமா? (வாஷி வாசகி)

மோனோவாக இருந்தால் வேண்டாம் அம்மா. ஆறு வருஷம் ஸ்பூலிலேயே இருந்த நைலான் அந்த வட்டத்தையே ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கும், பலமும் குறைந்திருக்கும். அடிக்கடி போகிறவர்களே மோனோவை வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பிரெய்டாக இருந்தால் பிழைக்கும்: மேலே சாயம் போய் நார் எழும்பிய பகுதியை வெட்டிவிடுங்கள், அல்லது மொத்தத்தையும் திருப்பிச் சுற்றுங்கள், அடியில் இருந்தது மேலே வந்துவிடும்.

லைன் சுற்றும் முன் ரீலைத் திறந்து கிரீஸ் மாற்றச் சொல்லுங்கள். கடலுக்குப் போய் வந்ததும் டிராக் திருகை இறுக்கிவிட்டு, குழாய்த் தண்ணீரைச் சன்னமாக விட்டுக் கழுவி, நிழலில் காயவைக்கப் பையனுக்குச் சொல்லிக்கொடுங்கள். காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்தி வைக்கணும்.

மேலே 0.30 புது மோனோ சுற்றுவதற்கு ஸ்பூலில் இடம் எப்படியும் மிஞ்சும். அடியில் ஒரு இருபது மீட்டர் அப்பா சுற்றியதையே விட்டுவைக்கலாம். அவ்வளவு ஆழத்துக்குக் கெளுத்தி இழுத்துக்கொண்டு போகாது.