பினாங்கில் ஓட்ட பழைய ஹெரிட்டேஜ் ஸ்பிரிங்கர் நல்லதா, கிராஸ் போன்ஸ் நல்லதா?

இரண்டுமே ஹார்லி-டேவிட்சன் பைக்தான், தம்பி. 1997இல் வந்த ஹெரிட்டேஜ் ஸ்பிரிங்கருக்கு அசல் 1940களின் முகம், ஆனால் 5 கியர்தான். 2008இல் வந்த கிராஸ் போன்ஸுக்கு 1584 சிசி, 6 கியர், பாலம் தாண்டி நெடுஞ்சாலையில் ஈப்போ வரை போனாலும் அலுக்காது, என் ஓட்டு அதற்கே.

சரி, எதை வாங்கினாலும் முன்சக்கரத்தைத் தரையை விட்டுத் தூக்கி வைத்து, ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையின்) அடியில் சக்கரத்தைத் தாங்கும் ராக்கர்கள் என்ற அசையும் கைகளை ஆட்டிப் பாருங்கள், லேசாக 'டக்' என்று ஆடினாலே உள்ளே தேய்ந்திருக்கிறது, விலையைக் குறைத்துக் கேளுங்கள். அப்புறம், முன்னால் ஒரே டிஸ்க் பிரேக், எடையோ 300 கிலோவுக்கு மேல். பாலிக் பூலாவ் இறக்கத்தில், அதுவும் மழையில், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.