வரைபடக் கோப்பு திறக்கவில்லையா? அனுப்பியவரிடம் கேளுங்கள்

கேள்வி: கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கிறேன். நண்பர்கள் சிலர் சேர்ந்து, பழைய பிரிட்டிஷ் வரைபடம் ஒன்றைப் பின்பற்றிச் சிறிய நீராவி இயந்திரம் செய்து வருகிறோம். ஜூரோங் வெஸ்ட்டில் உள்ள நண்பர் வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அவருடைய டிடபிள்யூஜி வரைபடக் கோப்பை என் கணினி திறக்க மறுக்கிறது. பிடோக் நண்பருக்கு அதே வரைபடத்தின் டிஎக்ஸ்எஃப் கோப்பு திறக்கிறது. ஆனால் 32 மில்லிமீட்டர் ஃபிளைவீல் 812.8 என்று காட்டுகிறது. தாளில் அச்சிட்டால் துளைகள் பொருந்தவில்லை. விலை கொடுத்து மென்பொருள் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்று தொல்லைகளில் முதல் இரண்டை அனுப்புகிறவரே தீர்த்துவிட முடியும்; மூன்றாவது அச்சிடும்போது கவனித்தால் தீரும். கோப்பு திறக்காவிட்டால் பெறுகிறவர்தான் தமக்குக் கணினி தெரியவில்லை என்று கூசிப்போகிறார். அது நியாயமே இல்லை. எதிரில் இருப்பவரிடம் என்ன மென்பொருள் இருக்கிறது என்று கேட்காமல் அனுப்புவதுதான் தவறு.

முதலில் திறக்காத கோப்பைப் பார்ப்போம். டிடபிள்யூஜி என்பது ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் சொந்த வடிவம். 1982-ல் அதன் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருள் வெளிவந்த நாள் முதல் இருந்து வருகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதன் உள்ளமைப்பு மாறும். புதிய மென்பொருள் பழைய கோப்பைப் படிக்கும்; பழையது புதியதைப் படிக்காது. உங்கள் கோப்பு எந்தப் பதிப்பு என்பதை நீங்களே பார்த்துவிடலாம். கோப்பைப் படியெடுத்து, அந்தப் படியை நோட்பேடில் திறங்கள். புரியாத குறிகளாக நிறைந்திருக்கும், பயப்பட வேண்டாம். முதல் ஆறு இடங்களை மட்டும் பாருங்கள்: ஏ, சி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள், தொடர்ந்து நான்கு இலக்கங்கள். 1015 என்றால் ஆட்டோகேட் 2000 வடிவம். 1018 என்றால் 2004, 1021 என்றால் 2007, 1024 என்றால் 2010, 1027 என்றால் 2013, 1032 என்றால் 2018. பார்த்ததும் சேமிக்காமல் மூடிவிடுங்கள். நோட்பேடில் சேமித்தால் கோப்பு கெட்டுவிடும். தொடக்கத்தில் பி, கே என்ற எழுத்துகள் இருந்தால் அது வரைபடமே அல்ல, ஜிப் கோப்பு. பெயரை மட்டும் யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

1032 என்று இருந்து, உங்களிடம் இருப்பது 2010 காலத்து மென்பொருள் என்றால் நண்பரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: சேமிக்கும்போது 2007 அல்லது 2010 வடிவத்தைத் தேர்ந்தெடுத்து இன்னொரு படி அனுப்புங்கள். அவருக்கு அரை நிமிட வேலை. அவர் ஊரில் இல்லையென்றால், ஆட்டோடெஸ்க் இலவசமாகவே தரும் டிடபிள்யூஜி ட்ரூவியூ விண்டோஸ் கணினியில் கோப்பைத் திறந்து காட்டும், பழைய வடிவத்துக்கும் மாற்றித் தரும். 1998-ல் தொடங்கப்பட்ட ஓப்பன் டிசைன் அலையன்ஸ் என்ற கூட்டமைப்பு வழங்கும் இலவச மாற்றி, டிடபிள்யூஜியை, பல மென்பொருள்களுக்கிடையே வரைபடம் பரிமாறப் பயன்படும் டிஎக்ஸ்எஃப் ஆக்கும். ஃப்ரீகேட் என்ற இலவச வரைபட மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களும் டிடபிள்யூஜி கோப்புகளுக்குப் பெரும்பாலும் இந்த மாற்றியைத்தான் நம்பியிருக்கிறார்கள். இணையத்தில் மாற்றித் தருவதாகச் சொல்லும் முகம் தெரியாத தளங்களில் நண்பர் வரைந்ததைப் பதிவேற்றாதீர்கள்.

அடுத்தது 812.8. அந்த எண்ணை 32-ஆல் வகுத்துப் பாருங்கள், 25.4 வரும். ஓர் அங்குலத்துக்கு 25.4 மில்லிமீட்டர். நண்பர் மில்லிமீட்டரில் வரைந்த 32 என்ற எண்ணைப் பிடோக் நண்பரின் மென்பொருள் 32 அங்குலம் என்று எடுத்துக்கொண்டு, மில்லிமீட்டராக மாற்றிக் காட்டுகிறது. டிஎக்ஸ்எஃப் கோப்பு பெரும்பாலும் வெறும் எழுத்துக் கோப்பாகவே இருக்கும். நோட்பேடில் திறந்து ‘இன்ஸ்யூனிட்ஸ்’ (INSUNITS) என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடுங்கள். அதற்குக் கீழே 70 என்று ஒரு வரி, அதன் கீழே அலகைச் சொல்லும் எண். 1 இருந்தால் அங்குலம், 4 இருந்தால் மில்லிமீட்டர், 0 இருந்தால் அலகே சொல்லப்படவில்லை. உங்கள் கோப்பில் 1 இருக்கக்கூடும். 0 இருந்து, பிடோக் நண்பரின் மென்பொருள் தானாக அங்குலம் என்று கொண்டிருக்கவும் கூடும்.

பிடோக் நண்பர் தம் கணினியில் 25.4-ஆல் சுருக்கிக்கொண்டு வேலையைத் தொடரலாம். ஆனால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே பெயரில் இரண்டு அளவில் இரண்டு கோப்புகள் குழுவில் சுற்றத் தொடங்கினால், எது சரி என்று அடுத்த மாதம் யாருக்கும் தெரியாது. வரைந்தவரே அலகைத் திருத்தி, கோப்பின் பெயரில் தேதியைச் சேர்த்து, எல்லோருக்கும் மறுபடி அனுப்பட்டும்.

நீங்கள் எடுத்துக்கொண்டது பழைய பிரிட்டிஷ் வரைபடம் என்பதால், கோப்பு சரியாகத் திறந்த பிறகும் இரண்டு இடங்களில் உங்கள் கண் இருக்க வேண்டும். ஒன்று மரை, அதாவது திருகின் புரி. கோடுகளை அங்குலத்திலிருந்து மில்லிமீட்டருக்கு மாற்றினால் அரை அங்குல சிலிண்டர் துளை 12.7 ஆகிவிடும். ஆனால் குறிப்பாக எழுதப்பட்ட ‘4 பிஏ’ என்ற பழைய பிரிட்டிஷ் அளவு மரை அப்படியே நிற்கும். 4 பிஏ திருகின் வெளிவிட்டம் 3.6 மில்லிமீட்டர், புரியிடைவெளி 0.66. கடையில் எளிதாகக் கிடைக்கும் எம்4 திருகுக்கு 4 மில்லிமீட்டர், 0.7. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைத் திருகினால் பித்தளையில் வெட்டிய மரை கெட்டுவிடும். மெட்ரிக் திருகுக்கு மாறுவதானால் துளை, மரை, திருகுத் தலைக்கான இடம் மூன்றையும் சேர்த்து மாற்றி வரைய வேண்டும்.

மற்றொன்று, ஒரே பொருளின் மேல், முகப்பு, பக்கத் தோற்றங்கள் தாளில் வைக்கப்படும் அமைப்பு. பிரிட்டனிலும் இந்தியாவிலும் முதல் கோண முறை வழக்கம். அமெரிக்காவில் மூன்றாம் கோண முறை. முதல் முறையில் மேல்தோற்றம் முகப்புத் தோற்றத்துக்குக் கீழே வரும், மற்றதில் மேலே வரும். பக்கத் தோற்றங்களும் இடம் வலமாக மாறும். வால்வுப் பெட்டி இருக்கும் சிலிண்டரில் இதைக் கவனிக்காமல் லேத்தில் ஏறினால், நீராவி நுழையும் வழி எதிர்ப்பக்கத்தில் அமைந்த, கண்ணாடியில் பார்த்தது போன்ற உருப்படிதான் கையில் மிஞ்சும். தாளின் மூலையில் வெட்டுண்ட கூம்பின் சிறு சின்னம் எந்த முறை என்பதைச் சொல்லும். நண்பர் மறுபடி வரையும்போது அந்தச் சின்னத்தை விட்டுவிடக்கூடாது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன்: திறக்காத கோப்பால் ஒரு மாலை வீணாகும், தவறாகப் படித்த வரைபடத்தால் வார்ப்பே வீணாகும்.

அச்சில் துளை பொருந்தாததற்குக் காரணம் அச்சுப்பொறி தாளுக்கு ஏற்றபடி படத்தைச் சுருக்கியதாக இருக்கலாம். அச்சிடும் பெட்டியில் ‘உண்மை அளவு’ அல்லது 100 விழுக்காடு என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு தாளிலும் சரியாக 100 மில்லிமீட்டர் நீளக் கோடு ஒன்றை வரையச் சொல்லி, அச்சிட்டதும் அதை எஃகு அளவுகோலால் அளந்து பாருங்கள். அது 96 காட்டினால் அந்தத் தாளை வைத்துத் துளையிடாதீர்கள். சரியாக 100 இருந்தாலும் வேலைக்கு ஆதாரம் எழுதப்பட்ட எண்தான். கோட்டை அளந்து உலோகத்தை வெட்டக்கூடாது என்பதை நீங்கள் பட்டறையிலேயே அறிந்திருப்பீர்கள்.

ஆகவே ஜூரோங் நண்பர் ஒவ்வொரு முறையும் ஒரு ஜிப் கோப்பில் மூன்றை வைக்கட்டும்: அவருடைய மூலக் கோப்பு, டிஎக்ஸ்எஃப், அளவுகள் எழுதிய பிடிஎஃப். முப்பரிமாண மாதிரி இருந்தால் ஸ்டெப் கோப்பும் சேரட்டும். ஐஎஸ்ஓ 10303 தரத்தில் அமைந்த அது அலகையும் தன்னுடனே கொண்டு வரும். எஸ்டிஎல் கோப்பில் அலகு கிடையாது. வளைவுகளெல்லாம் முக்கோணத் துண்டுகளாகிவிடும். முப்பரிமாண அச்சுக்கு மட்டுமே அது சரி. லேசர் வெட்டுக்குத் தருவதானால் டிஎக்ஸ்எஃப் ஆர்12 வடிவத்தில் கேளுங்கள். அதில் ஸ்ப்லைன் எனப்படும் இழைவான வளைவு இல்லாததால் சேமிக்கும்போது சிறு கோடுகளாக மாறும், பழைய இயந்திரங்களும் படிக்கும். ஒரே கோடு இரண்டு முறை வரையப்பட்டிருந்தால் லேசர் அதை இரண்டு முறை வெட்டும். அனுப்புமுன் அதை நீக்கச் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ‘ஆவணம்’ என்ற வழியிலேயே அனுப்ப வேண்டும். படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, சிறிய அளவெண்கள் மங்கிவிடும். முன்பின் தெரியாதவரிடமிருந்து வந்த ஜிப்பில் ‘ஏகேட்’ (acad) என்ற பெயருடன் எல்எஸ்பி (lsp) அல்லது எஃப்ஏஎஸ் (fas) என்று முடியும் சிறு கோப்பு இருந்தால், அதை நீக்கிவிட்டுப் பிறகு வரைபடத்தைத் திறங்கள். வரைபடத்துடன் சேர்ந்து தானாக ஓடும் நிரல் அது. 2012-ல் ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் கண்டறிந்த ‘மெட்ரே’ என்ற கிருமி இந்த வழியில்தான் பரவி, மற்றவர்களின் வரைபடங்களைத் திருடி வெளியே அனுப்பியது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மூல வரைபடத்தை விலைக்கு வாங்கியிருந்தால், இயந்திரத்தைச் செய்துகொள்ளத்தான் அந்த விலை. படியெடுத்துப் பரப்ப அல்ல. சிங்கப்பூரின் 2021 பதிப்புரிமைச் சட்டம் வரைபடங்களையும் காக்கிறது. பழைய வரைபடத்தை மென்பொருளில் மறுபடி வரைந்துவிட்டதாலேயே அது நண்பருடையதாகிவிடாது. உங்கள் குழுவுக்கு வெளியே யாராவது கேட்டால், விற்பவர் யார் என்று சொல்லுங்கள். நீங்களாகவே வடிவமைத்த துணைக்கருவிகள், பிடிப்பான்கள் போன்றவற்றின் கோப்புகளைத் தாராளமாகக் கொடுங்கள்.